சைக்கிள் செயின்: சுத்தம் செய்யும் முறையும், எந்தப் பாதைக்கு எந்த எண்ணெய் என்பதும்

வீட்டில் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலரும் செயினை நினைத்துப் பார்ப்பது இரண்டே சமயங்களில்தான்: அது கழன்று விழும்போதும், கீச்கீச்சென்று தெருவைக் கூட்டும்போதும். கீச்சிடும்போது தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ, கைக்குக் கிடைத்ததைச் செயின் முழுக்க ஊற்றிவிட்டு, சத்தம் நின்றதும் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். சத்தம் நின்றது உண்மைதான். ஆனால் வெளியே வழியும் அந்த எண்ணெய் அடுத்த சில கிலோமீட்டருக்குள் சாலை மண்ணையெல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டு, செயினின் மூட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைப் போலத் தேய்க்கத் தொடங்கிவிடும்.

நான் அன்றாடம் ஓட்டுவது கடைகண்ணிக்குப் போய்வரும் கியர் இல்லாத சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றுவதற்கென்று கியர் சைக்கிள் ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் ஓவராயிலுக்கு விடுகிறேன் என்றாலும், செயினை மட்டும் பிறர் கையில் ஒப்படைப்பதில்லை. ஒருமுறை ஒரு கடையில் சர்வீசுக்கு விட்டபோது, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது போலச் செயினின் மேற்புறம் முழுவதும் கிரீஸைத் தடவிக் கொடுத்தார்கள். பார்ப்பதற்குப் பளபளவென்றுதான் இருந்தது. மூன்றாவது வாரமே மூட்டுகள் உள்ளுக்குள் காய்ந்து கீச்சிட்டன. மேற்புறத்திலோ கிரீஸும் மண்ணும் கலந்து கறுத்த களியாக அப்பியிருந்தது. ஒரே செயினில் எண்ணெய் வெள்ளமும் எண்ணெய்ப் பஞ்சமும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம்

இன்று நாம் பயன்படுத்தும் உருளைச் செயினை 1880-இல் உருவாக்கியவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட். அதன் அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. இரண்டு உள்தகடுகள், இரண்டு வெளித்தகடுகள், அவற்றை ஊடுருவிச் செல்லும் ஆணி, அந்த ஆணியைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் சிறிய ரோலர் ஆகியவை மாறிமாறிக் கோத்து வந்ததுதான் செயின். கியர் சைக்கிள்களின் மெல்லிய செயினில் தனிப் புஷ் இருக்காது. உள்தகட்டுத் துளையின் விளிம்பையே உட்புறமாக வளைத்துப் புஷ்ஷின் வேலையை அதனிடம் கொடுத்திருப்பார்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவரை உள்ளது ஒரு கண்ணி; அதன் நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பள்ளிக்கூட சைக்கிள் ஆனாலும் பந்தய சைக்கிள் ஆனாலும் இந்த அளவு ஒன்றுதான்.

செயின் பல்சக்கரத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆணி புஷ்ஷுக்குள் சிறிது திரும்புகிறது. ரோலர் பல்லின் மேல் உருள்கிறது. உரசல் நிகழும் இடங்கள் இவைதாம். ஆகவே எண்ணெய் தேவைப்படுவது ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையிலும், புஷ்ஷுக்கும் ரோலருக்கும் இடையிலும், தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடுக்குகளிலும் மட்டுமே. வெளித்தகட்டின் முகத்தில் துருப் பிடிக்காதிருக்கும் அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருந்தால் போதும். மோட்டார் சைக்கிள் செயின்களில் பலவற்றில் மூட்டுக்கு மூட்டு ரப்பர் வளையம் வைத்துக் கிரீஸை உள்ளே அடைத்திருப்பார்கள். சைக்கிள் செயினுக்கு அந்தக் காப்பு இல்லாததால், எண்ணெய் நுழையும் வழியாகவே தண்ணீரும் மண்ணும் நுழைந்துவிடுகின்றன.

"செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொல்வதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. ஒரு மூட்டில் 0.127 மி.மீ. தேய்ந்தால் அது 1 சதவீதம். 112 கண்ணிகள் கொண்ட செயினில் மொத்தம் 14 மி.மீ. நீளம் கூடிவிடும். அந்தத் தேய்மானத்துக்கு முதல் காரணம் எண்ணெயில் கலந்து உள்ளே போகும் மண். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எண்ணெய் விடுவதைவிடத் துடைப்பதற்கு ஏன் கூடுதல் நேரம் செலவிடச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

துடைத்தல்

தேவையானது பனியன் வேஸ்ட். திருப்பூர் ஆலைகளில் வெட்டி ஒதுக்கிய இந்தத் துணித்துண்டுகள் ஹார்டுவேர் கடைகளில் எடை போட்டு விற்கப்படுகின்றன. கிடைக்காவிட்டால் கிழிந்த பனியன் போதும். நூல் பிரியும் துணியாகவோ டர்க்கி டவலாகவோ இருந்தால் இழைகள் கண்ணிகளில் சிக்கிக்கொள்ளும்.

சைக்கிளை நிறுத்தி, செயினின் கீழ்ப்பகுதியைத் துணியால் நான்கு பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். துணியைப் பிடித்திருக்கும் கை, பெடலோடு சுழலும் முன் பல்சக்கரத்திலிருந்தும் பின் பல்சக்கரத்திலிருந்தும் ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் விரல்கள் அதைவிடத் தூரத்தில் இருக்க வேண்டும். முதல் சுற்றில் துணியில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். துணியை மடித்து மடித்து மாற்றிப் பிடித்து, அந்தக் கோடுகள் சாம்பல் நிறமாக வெளுக்கும்வரை சுழற்றினால் போதும். இரண்டு நிமிட வேலைதான். வாரம் ஒருமுறை இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால், முழுதாகக் கழுவ வேண்டிய அவசியம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

கியர் சைக்கிளில், பின்புறம் செயினை இழுத்துப் பிடித்திருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களின் பற்களிலும் அழுக்கு வளையமாகக் கட்டியிருக்கும். அதை ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுச் செயினை மட்டும் கழுவினால், அந்த அழுக்கு முழுவதும் முதல் தெருவிலேயே செயினுக்குத் திரும்பிவிடும்.

முழுதாகக் கழுவுதல்

துடைத்த பிறகும் செயினைக் காதருகே வைத்து மடக்கினால் நறநறவென்று கேட்கிறதா? பெடலைச் சுழற்றும்போது விரல் நுனியில் மணல் ஓடுவது போன்ற அதிர்வு தெரிகிறதா? அப்படியானால் மண் மூட்டுக்குள் போய்விட்டது என்று பொருள்; துணி அங்கே எட்டாது.

கியர் இல்லாத சைக்கிள்களில் செயினின் ஒரு கண்ணியை மட்டும் கிளிப் போட்டுப் பூட்டியிருப்பார்கள். மீன் வடிவத்தில் இருக்கும் அந்தக் கிளிப்பை ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பினால் செயின் கழன்று கைக்கு வரும். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய தலை செயின் ஓடும் திசையை நோக்கியும், பிளந்த வால் பின்னேயும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டித் திறந்துகொள்ளும். கியர் சைக்கிள்களில் இருப்பது குயிக் லிங்க். அதைக் கழற்றத் தனிக் குறடு உண்டு. பின்புறம் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள சைக்கிள்களில், ஒருமுறை கழற்றிய குயிக் லிங்க்கை மீண்டும் மாட்டக் கூடாது என்று உற்பத்தியாளர்கள் பலர் சொல்வதால், அந்தச் செயின்களைக் கழற்றாமல் சைக்கிளில் வைத்தே கழுவுவதுதான் எனக்கு உசிதமாகப் படுகிறது.

கழற்றிய செயினை அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மூடியை இறுக்கி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ரேஷன் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்டதால் டீசல் பயன்படுத்துவோரும் உண்டு. அழுக்கு போகும், ஆனால் பிசுபிசுப்பு மிஞ்சும் என்பதால் கடைசியில் சோப்புத் தண்ணீர் கட்டாயம் தேவைப்படும். பெட்ரோலைத் தொடவே வேண்டாம்; அதன் ஆவி தரையோடு பரவி, எங்கோ இருக்கும் அடுப்பில் பற்றிக்கொள்ளும். எதைக் கொண்டு கழுவினாலும் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு கழுவுங்கள்.

குலுக்கிய டப்பாவை ஓர் இரவு அசையாமல் வைத்துவிட்டு, மறுநாள் காலை வெயிலில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள். மேலே மண்ணெண்ணெய் மீண்டும் தெளிந்திருக்கும். அடியில் செம்பழுப்பு நிறத்தில் வண்டல் படிந்திருக்கும். அந்த வண்டலுக்குள் ஊசிமுனை அளவில் ஏதோ மினுக்கும். மினுக்குவதில் கணிசமான பகுதி, உங்கள் செயினின் ஆணியிலிருந்தும் புஷ்ஷிலிருந்தும் உதிர்ந்த எஃகு. தெளிந்ததை வேறு புட்டியில் வடித்தால் அடுத்த முறைக்கும் ஆகும். வண்டலைச் சாக்கடையிலோ செடி மண்ணிலோ கொட்டாமல், அருகிலுள்ள டூ வீலர் மெக்கானிக் வைத்திருக்கும் வேஸ்ட் ஆயில் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது முறை புது மண்ணெண்ணெயில் அலசி, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு கரைத்த வெந்நீரில் ஒருமுறை கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துணியால் ஒற்றியெடுத்து மொட்டை மாடி வெயிலில் தொங்கவிடுங்கள். "உடனே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய் முற்றிலும் நீங்கிய எஃகில் அரை மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றக்கூடும். ஈரம் உலராமல் எண்ணெய் விட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. மண்ணெண்ணெய் உலராமல் விட்டாலும் எண்ணெய் நீர்த்துப்போகும்.

செயினைக் கழற்ற முடியாதவர்கள், பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, செயினின் நான்கு முகங்களையும் தேய்த்துத் துடைத்தால் முக்கால்வாசிப் பலன் கிடைக்கும். பெடல் அச்சின் பேரிங்குக்குள்ளும் பின்சக்கரத்தின் ஃப்ரீவீலுக்குள்ளும் மண்ணெண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும். இதே காரணத்துக்காகவே வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளைக் கொடுத்து அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்ச விடுவதும் நல்லதன்று.

துருப் பிடித்த செயினை வினிகரிலும் குளிர்பானத்திலும் ஊறவைக்கும் வித்தைகளைக் காணொளிகளில் பார்க்கலாம். அமிலமோ காரமோ கலந்த திரவங்களைச் செயினில் பயன்படுத்தினால் செயின் அறுந்துபோகலாம் என்று ஷிமானோ நிறுவனம் தன் கையேடுகளிலேயே எச்சரிக்கிறது. பெடலில் எழுந்து நின்று மிதிக்கும் வேளையில் செயின் அறுந்தால் விழுவது நாம்தான். மூட்டே அசையாத அளவுக்குத் துரு ஏறிய செயினை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

சொட்டுக் கணக்கு

எண்ணெயைப் பீய்ச்சும் கேனைவிட, மெல்லிய மூக்குள்ள புட்டியே இந்த வேலைக்கு ஏற்றது. பழைய கண் சொட்டு மருந்துக் குப்பியைக் கழுவி வைத்துக்கொண்டால் போதும்; உள்ளே என்ன இருக்கிறது என்று கொட்டை எழுத்தில் மேலே ஒரு சீட்டு ஒட்டி, மருந்து வைக்கும் அலமாரிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளிப் உள்ள கண்ணியிலோ குயிக் லிங்க்கிலோ தொடங்குங்கள். அது தவறாமல் அடையாளம் தெரியும் என்பதால், ஒரு முழுச் சுற்று முடிந்ததை எண்ணாமலே அறியலாம். செயினின் கீழ்ப்பகுதியில், மேல்நோக்கி இருக்கும் முகத்தில், ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் வைத்துக்கொண்டே பெடலை மெல்லப் பின்னோக்கித் தள்ளுங்கள். பல்சக்கரத்தைத் தொடும் உட்புறம் அதுதான். அங்கே வைத்த எண்ணெய், செயின் சுழலும்போது வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு மூட்டுகளின் ஊடாகப் பரவும். உற்று நோக்கினால் ரோலரின் மேல் குமிழாக நின்ற சொட்டு, ஓரிரு நொடியில் தட்டையாகி, தகட்டுக்கும் ரோலருக்கும் இடையிலான மெல்லிய கோட்டுக்குள் உறிஞ்சப்பட்டு மறைவதைக் காணலாம். மறையாமல் மேலேயே நின்றால், அங்கே அழுக்கு அடைத்திருக்கிறது அல்லது எண்ணெய் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருக்கிறது.

ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. ஆகவே 112 கண்ணிகளுக்கும் சேர்த்து 5 அல்லது 6 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய்தான் செலவாகும். 100 மி.லி. புட்டி ஒன்று பதினேழு, பதினெட்டு முறைக்கு வரவேண்டும். அதற்குள் தீர்ந்துவிட்டால் எண்ணெய் தரையிலும் ரிம்மிலும் உங்கள் கால்சட்டையிலும் இருக்கிறது என்று கொள்ளலாம். சொட்டு வைத்து முடித்ததும் பெடலை இருபது முப்பது முறை பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் உலர்ந்த துணியால், மறுபடி அழுத்தித் துடைத்து, வெளியே இருக்கும் எண்ணெயை முழுவதும் எடுத்துவிடுங்கள். வைத்த எண்ணெயைத் துடைக்க மனம் வராதுதான். ஆனால் துணிக்கு வரும் எண்ணெய் எதுவும் வேலை செய்யும் எண்ணெய் அன்று. விரலால் தொட்டால் லேசான மை படிய வேண்டும். வழவழப்பு ஒட்டக் கூடாது.

டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் ஸ்பிரேயைத் தவிர்ப்பது நலம். காற்றில் பரவும் ஒரு துளி தட்டில் பட்டாலும் பிரேக் கட்டை கெட்டுவிடும். ரிம் பிரேக் சைக்கிளிலும் ரிம்மில் எண்ணெய் பட்டால் உடனே சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

எந்த எண்ணெய்

நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் காற்றுப்பட்டுப் பிசினாக மாறும். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகையிலேயே உறையத் தொடங்கும்; மழையில் எளிதாகக் கழன்றும்விடும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போட்ட பரம்பரை நமக்கு இருக்கிறது. பெரிய அச்சுக்கும் அகன்ற குடத்துக்கும் இடையே அந்த மை நன்றாகவே உழைத்தது. மயிரிழை இடைவெளிக்குள் நுழைய வேண்டிய செயினுக்கு அது உதவாது. தையல் மெஷின் எண்ணெய் அருமையாக உள்ளே இறங்கும், ஆனால் அதே வேகத்தில் வெளியேறியும் விடும். என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் கரியும் அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கும். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நீலமும் மஞ்சளுமான டப்பாவில் வரும் டபிள்யூடி-40 பற்றிப் பலரும் கேட்பதுண்டு. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1953-இல் உருவான அந்தத் திரவத்தின் பெயருக்கே, நீரை விலக்குவதற்கான நாற்பதாவது முயற்சி என்றுதான் பொருள். ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் அது நல்ல பொருள். செயினுக்கு உயவு எண்ணெயாக அதையே நம்பினால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

சைக்கிள் கடைகளில் உலர் எண்ணெய் என்றும் ஈர எண்ணெய் என்றும் இரண்டு வகை விற்கிறார்கள். உலர் எண்ணெயில் மெழுகோ அதைப் போன்ற வழுக்கும் பொருளோ விரைவில் ஆவியாகும் திரவத்தில் கலந்திருக்கும். திரவம் பறந்ததும் மெல்லிய உலர்ந்த படலம் மிஞ்சும். ஈர எண்ணெய் கெட்டியானது, ஆவியாகாதது, தண்ணீரில் எளிதில் கழுவப்படாதது. கடைச் சரக்கு எட்டாதவர்களுக்கு, மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய புதிய 20டபிள்யூ-40 என்ஜின் ஆயிலின் மிச்சமோ, எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயிலோ ஈர எண்ணெயின் இடத்தை ஓரளவு நிரப்பும். 90 என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறு. கியர் ஆயில் 90-இன் கெட்டித்தன்மை, என்ஜின் ஆயில் கணக்கில் ஏறத்தாழ 40 அல்லது 50-க்குச் சமம்.

புழுதி

தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி செயினுக்கு எதிரி புழுதிதான். கரிசல் காட்டுச் சாலையிலும், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலிலும், சென்னையைச் சுற்றிப் பாதி போட்டுப் பாதி தோண்டிய சாலைகளிலும் எழும் தூசு கண்ணுக்குப் புகையாகத் தெரியும் அளவுக்கு நுண்ணியது. அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் சைக்கிளை ஓட்டவே வேண்டாம், வாசலில் நிறுத்தியிருந்தாலே செயினில் செம்மண் படியும். இக்காலத்துக்கு உலர் எண்ணெய்தான் ஏற்றது. கிளம்பும் நேரத்தில் வைத்தால் பயனில்லை. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக வேண்டும் என்பதால் முதல்நாள் இரவே வைத்துவிட வேண்டும். இந்த எண்ணெய் நீடித்து நிற்காது. 150 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து மறுபடி வைக்கிறேன். மண்பாதையில் ஓட்டினால் கிலோமீட்டரைக் கணக்கிடாமல், வீடு திரும்பியதும் ஒரு துடைப்பு. ஈர எண்ணெயைத் தவிர வேறில்லை என்றால் சொட்டை எல்லாக் கண்ணிக்கும் வைத்து, மறுநாள் இருமடங்கு நேரம் துடைப்பதே வழி.

புழுதியை முற்றிலும் வெல்ல விரும்புவோர் மெழுகு முறைக்குப் போகலாம். செயினைத் தொழிற்சாலைக் கிரீஸ் ஒரு துளியும் இல்லாமல் கழுவி உலர்த்தி, சுத்திகரித்த பாரஃபின் மெழுகை உருக்கி அதில் மூழ்க வைக்க வேண்டும். மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றக்கூடும். கொதிக்கும் தண்ணீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் அதை வைத்தால் சூடு 100 பாகையைத் தாண்டாது. கம்பியில் கோத்த செயினை உள்ளே விட்டு அசைத்தால் மூட்டுகளிலிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்றபின் எடுத்துத் தொங்கவிட வேண்டும். ஆறியதும் செயின் குச்சி போல விறைத்திருக்கும். ஒவ்வொரு கண்ணியாக மடக்கி உடைத்து மாட்டினால், கையில் கறையே படாத செயின் கிடைக்கும். அந்தப் பாத்திரம் அதன்பின் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மழைக்கு மட்டும் இந்த மெழுகு ஆகாது. நனைந்த மறுநாளே துரு எட்டிப்பார்க்கும்.

மழை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் செயினை ஒருமுறை முழுதாகக் கழுவி, ஈர எண்ணெய்க்கு மாறிவிடுங்கள். மழையில் டயர் வாரியிறைக்கும் நீர் வெறும் தண்ணீர் அன்று. சாலையின் மணலும் எண்ணெயும் கலந்த குழம்பு. அது கண்ணிகளுக்குள் புகுந்து எண்ணெயை வெளியேற்றிவிட்டு, தன் இடமாக்கிக்கொள்கிறது.

எனவே மழையில் நனைந்து வந்த அன்றே, தலையைத் துவட்டிய பிறகாவது, செயினைத் துவட்டிவிட வேண்டும். முதலில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, துணியால் இரண்டு சுற்றுத் துடைத்து, நீர் விலக்கும் ஸ்பிரே இருந்தால் துணியில் அடித்துக்கொண்டு மீண்டும் துடைத்து, கால்மணி நேரம் மின்விசிறிக் காற்றில் விட்டு, சொட்டு எண்ணெய் வையுங்கள். ஒருமுறை நான் இதைத் "திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து நான்கு கண்ணிகள் மடங்க மறுத்தன. பல்சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் கடக் கடக்கென்று இடித்தன. அப்படி இறுகிய கண்ணியில் எண்ணெய் விட்டு, இருபுறமும் பெருவிரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

தெருவில் தேங்கிய வெள்ளத்தில், சக்கரத்தின் குடம் மூழ்கும் அளவுக்கு ஓட்டியிருந்தால் செயினோடு விஷயம் முடியாது. குடத்தின் பால்ரஸ்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள்கள், மழைக்காலம் முழுவதும் பள்ளிக்கூட மரத்தடியில் நனைந்துகொண்டுதான் நிற்கின்றன. அவற்றின் செயின் அகலமானது, கனமானது, அவ்வளவு எளிதில் கெடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைத்து கியர் ஆயிலைச் சொட்டு வைத்தாலே பள்ளிப் படிப்பைத் தாண்டி உழைக்கும். முழுக் கவர் போட்ட சைக்கிளாக இருந்தால் கவரின் பின்துண்டைக் கழற்றினால் செயின் தெரியும். கவர் புழுதியைத் தடுப்பதால் அங்கே ஈர எண்ணெயை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம்.

கடலோரம்

கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, இருபுறமும் கடல் விரியும் தனுஷ்கோடிச் சாலையிலோ ஓட்டுபவர்களுக்கு மழை பெய்யாமலே செயின் துருப்பிடிக்கும். உப்பு, காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் பொருள். தகட்டில் படிந்த உப்புத்துகள் இரவெல்லாம் அந்த இடத்தை ஈரமாகவே வைத்திருக்கிறது. எண்ணெய் உப்பைக் கரைக்காது என்பதால், உப்பின் மேலேயே எண்ணெய் விடுவதில் பயனில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, அதன் பின்னரே ஈர எண்ணெய். இங்கே மட்டும் வெளித்தகட்டைக் கடைசியில் மிக அழுத்தித் துடைக்காமல், எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி விட்டுவிடுகிறேன். கொஞ்சம் மணல் ஒட்டினாலும் துருவைவிட அது தேவலை. வீட்டுக்குள் சைக்கிளை டிரெய்னர் என்னும் தாங்கியில் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிப்பவர்களின் செயினிலும் வியர்வை சொட்டினால் இதே கதைதான்.

மலை

மலையேற்றத்தில் செயின் மெதுவாகச் சுழல்கிறது, ஆனால் இழுவை கடுமையாகிறது. 34 பல் உள்ள முன் பல்சக்கரத்தில், 170 மி.மீ. நீளப் பெடல் கட்டையின் மேல் 60 கிலோ எடையுள்ளவர் எழுந்து நின்றால், செயினில் ஏறக்குறைய 150 கிலோ இழுவை விழும். இவ்வளவு அழுத்தமும் இவ்வளவு குறைந்த வேகமும் சேரும்போது, மெல்லிய எண்ணெய் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் இடையிலிருந்து பிதுங்கி வெளியேறிவிடுகிறது. ஆகவே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதாக இருந்தால், முதல்நாள் மாலையே செயினைக் கழுவி, சற்றுக் கெட்டியான எண்ணெயை வைத்து, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மூடுபனியில் நனைவதற்கும் அதே எண்ணெய் தாங்கும். ஏறும் மலையில் இறங்கவும் வேண்டும் என்பதால் ரிம்மிலோ டிஸ்க்கிலோ எண்ணெய் பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

எப்போது மாற்றுவது

இதற்குக் கருவி விற்கிறார்கள். ஆனால் 12 அங்குல எஃகு ஸ்கேல் போதும். செயின் இறுக்கமாக இருக்கும்போது, ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதிய செயினில் இருபத்து நான்காவது கண்ணியின் ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டியிருந்தால் தேய்மானம் அரை சதவீதம். பின்புறம் 11, 12 பல்சக்கரங்கள் கொண்ட சைக்கிளில் அப்போதே செயினை மாற்றிவிட வேண்டும். அதைவிடக் குறைந்த கியர்களுக்கு முக்கால் சதவீதம்வரை பொறுக்கலாம். கியர் இல்லாத சைக்கிள் எட்டில் ஒரு பங்கு அங்குலம்வரை தாங்கும். அதற்கு மேலும் ஓட்டினால் பல்சக்கரத்தின் பற்கள் சுறா மீனின் முதுகுத் துடுப்பு போல ஒருபுறம் சாய்ந்துவிடும். அந்தப் பற்களில் புதிய செயின் வழுக்கும் என்பதால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கியர் இல்லாத சைக்கிளில் புதிய செயினை மாட்டியதும், நடுவில் விரலால் அழுத்தித் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். அதைவிட இறுகினால் பேரிங் தேயும். தொய்ந்தால் பள்ளத்தில் இறங்கும்போது கழன்றுவிடும். புதிய செயினோடு வரும் தொழிற்சாலைக் கிரீஸ் மூட்டுக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. மெழுகு போடும் எண்ணம் இல்லையென்றால் அதைக் கழுவ வேண்டாம். வெளியே ஒட்டும் பிசுக்கை மட்டும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். முதல் சொட்டு எண்ணெய்க்கு இன்னும் சில வாரங்கள் ஆகும்.